மழை அளந்த காலம்

காவிரி டெல்டாவில் "மழை வருமா?" என்று மொட்டையாக யாரும் கேட்பதில்லை. நாற்று பறிக்கிற அன்றைக்கு வருமா, யூரியா போட்ட மறுநாள் வருமா, பூப்பூக்கும் வாரத்தில் வருமா, அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவிட்ட பிறகு வருமா என்றுதான் கேட்பார்கள். அதே 5 செ.மீ. மழை புரட்டாசிக் கடைசியில் பெய்தால் வாய்க்காலில் ஒரு முறைத் தண்ணீர் மிச்சம். தை மாதம் பெய்தால் அந்த வருஷத்துக் கடன் அடையாது. நெல் வயல்களுக்கு நடுவே ஒரு வேளாண் வானிலை நிலையத்தில் அப்சர்வராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வானிலையைப் பற்றி நான் கற்றதெல்லாம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியபோது கற்றதுதான்.

தஞ்சாவூருக்குத் தெற்கே, கம்பி வேலி போட்ட ஒரு சதுர நிலம்தான் எங்கள் நிலையம். நடுவே நான்கு கால்களில் வெள்ளை வர்ணம் அடித்த மரப்பெட்டி நிற்கும். காற்று புகுந்து போகவும் வெயில் நேராக விழாமல் இருக்கவும் அதன் பக்கங்கள் சாய்வான சட்டங்களால் ஆனவை. கதவு வடக்குப் பார்த்து இருக்கும். உள்ளே நான்கு வெப்பமானிகள். வெளியே காற்றுத் திசைகாட்டியும் கிண்ணக் காற்றுமானியும், மண்ணுக்குள் புதைத்த வெப்பமானிகள், ஆவியாதலை அளக்கும் வட்டத் தொட்டி, வெயில் நேரத்தைப் பதியும் கண்ணாடிக் கோளம், மழைமானி. இவற்றில் பெரும்பாலானவற்றைக் காலை 7 மணிக்கும் பகல் 2 மணிக்கும் படித்து எழுத வேண்டும். அது அந்த இடத்துச் சூரிய நேரம். நம் கைக்கடிகாரத்தில் கால் மணி நேரம் போலத் தள்ளி வரும். மழைக்கு இந்திய நேரம் காலை 8.30. நாட்டில் எந்த மூலையில் இருக்கும் மழைமானியானாலும் கணக்கு முடியும் நேரம் அதுதான். அதனால்தான் பட்டுக்கோட்டை மழையையும் நாகப்பட்டினம் மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது.

மழை அளப்பது பார்வைக்குச் சின்ன வேலை. எங்கள் மானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர். உள்ளே 4 லிட்டர் குடுவை. மேல்பகுதியைக் கழற்றி, குடுவையை வெளியே எடுத்து, சொட்டு சிந்தாமல் அளவைக் கண்ணாடியில் ஊற்ற வேண்டும். கண்ணாடியைச் சமதளத்தில் வைத்து, முட்டி போட்டு உட்கார்ந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி ஓரத்தில் தண்ணீர் சற்று ஏறி நிற்கும், நடுவில் குழிந்திருக்கும். குழிவின் அடியைத்தான் படிக்க வேண்டும். நின்றுகொண்டே குனிந்து பார்த்தால் எண் மாறிவிடும். 2.5 மி.மீ. எட்டினால் அது மழை நாள். 2.4 என்றால் கணக்கில் மழை நாள் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்த முட்டி போடுவதைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன்.

அந்த எண்ணை வயலுக்குக் கொண்டுபோவது இன்னும் எளிது. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஏக்கருக்கு 4,047 லிட்டர். எங்கள் ஊர்க் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால் ஒரு மாவுக்கு ஏறத்தாழ 1,350 லிட்டர். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் அருகே கரையேறிய நாட்களில் ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 66 செ.மீ. பதிவானது. ஒரு மா நிலத்தில் கிட்டத்தட்ட 9 லட்சம் லிட்டர். ஒரு பகல், ஒரு இரவுக்குள். எங்களுடையது போன்ற குடுவை 20 செ.மீ. மழைக்கே நிரம்பிவிடும். அப்படிப்பட்ட இரவுகளில் அப்சர்வர் தூங்கக் கூடாது. குடுவை நிரம்பும் முன் நடுவிலேயே அளந்து, நேரம் போட்டு எழுதி, காலை 8.30-க்குக் கூட்டிக் கொடுக்க வேண்டும். டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். அந்த எண்களைச் சேர்த்துத்தான் சென்னை மண்டல வானிலை மையம் காலை அறிக்கை வெளியிடும். அப்போது அந்த மையத்தில் இருந்த ரமணன் சார் தொலைக்காட்சியில் ஊர் ஊராக மழை அளவு சொல்லும்போது எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் விடிகாலையில் நனைந்த ஒரு ஆள் இருப்பது எங்களுக்குத் தெரியும்.

நிஷாவின் காற்று பெரிதில்லை. ஆனால் அது நகராமல் கிடந்தது. இலங்கையை ஒட்டியும் நம் கரையை ஒட்டியும் மெதுவாக ஊர்ந்தபடி கடலின் ஈரத்தை நாள்கணக்கில் டெல்டாவுக்குள் அனுப்பிக்கொண்டே இருந்தது. புயலை மக்கள் காற்றை வைத்துத்தான் எடை போடுகிறார்கள். டெல்டாவில் நகரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். மெதுவாக நகரும் பலவீனமான சின்னம் சம்பா நடவை மூழ்கடித்துவிடும். வேகமாக வரும் வலுவான புயல் தோப்பைச் சாய்த்துவிட்டுப் போகும்.

மூழ்கிய வயலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கடல் வரை நிலத்தின் சரிவு மிகக் குறைவு. வெண்ணாற்றுப் பாசனத்தின் வடிகால்களான பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வழியாகக் கடலைச் சேர்கின்றன. புயல் நேரத்தில் கீழ்க்காற்று கடலைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அப்போது முகத்துவாரத்தில் ஆற்று நீர் இறங்காது. "கடல் தண்ணி வாங்கல" என்பார்கள் அந்தப் பக்கத்து விவசாயிகள். மழை நின்று வெயில் அடித்த பிறகும் வயலில் நீர் வடியாததற்கு இது ஒரு காரணம், ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்கால் இன்னொன்று. எவ்வளவு பெய்யும் என்ற முன்னறிவிப்பைவிடக் கடல் எத்தனை நாள் வாங்காது என்பதுதான் சில ஊர்களுக்குப் பெரிய செய்தி. இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள் வந்த பிறகு இளம்பயிருக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கிறது. பூத்த பயிருக்கு அப்படி எதுவும் இல்லை.

நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது 1977 நவம்பர் 12 விடிகாலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரையேறியது. கடலிலிருந்து அவ்வளவு உள்ளே இருக்கும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் மணிக்கு 120 கி.மீ. அளவுக்குக் காற்று அடித்தது. 560 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆந்திராவின் திவிசீமையில் இன்னொரு புயல் பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் தெருவில் கூரை இல்லாத வீடுகளில்தான் அந்தக் கார்த்திகைத் தீபம் ஏற்றினார்கள். அன்று நமக்குச் சொந்தமான மேகப்படம் கிடையாது. இன்சாட்-1பி விண்ணில் ஏறியது 1983-இல். அதை ஒட்டித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

கஜா வேறு காலத்துப் புயல். 2018 நவம்பர் 11 அன்றே அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. செயற்கைக்கோள் பார்த்தது, கரையை நெருங்கியபோது காரைக்கால் ரேடார் பார்த்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை முகாம்களுக்கு முன்கூட்டியே கொண்டுபோனார்கள். 16-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 12.30-க்கும் 2.30-க்கும் இடையே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரையைக் கடந்தது. உயிரிழப்பு 1977-உடன் ஒப்பிட்டால் மிகக் குறைவு. எச்சரிக்கையின் வெற்றி அது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "வானிலைக்காரன் சொன்னா நடக்காது" என்ற பேச்சு டெல்டாவில் இன்னும் தேநீர்க் கடைகளில் உண்டு. ஆனால் தென்னையை முகாமுக்குக் கொண்டுபோக முடியாதே.

அன்று இரவு குடியிருப்பின் தாழ்வாரத்தில் நின்றபடி டார்ச் வெளிச்சத்தில் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வாடைதான் அடித்தது. நேரம் ஆக ஆக வடகிழக்குக்குத் திரும்பி, அதன் பிறகு நேர் கிழக்காகிக் கொண்டலாக வீசியது. நம் பக்கத்தில், அதாவது பூமியின் வடபாதியில், புயல்காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். வாடைக்கு முதுகு காட்டினால் இடக்கை கிழக்கே நீளும், புயல் கடலில் இருக்கிறது என்று அர்த்தம். கொண்டலுக்கு முதுகு காட்டினால் இடக்கை தெற்கே நீளும். மையம் எங்களுக்குத் தெற்கே, பட்டுக்கோட்டைப் பக்கமாகப் போகிறது என்பது அங்கேயே தெரிந்துபோனது. அப்போது மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரம் இல்லை, வானொலியைத் தவிர வேறு துணை இல்லை. டச்சு விஞ்ஞானி பைஸ் பாலட் பெயரால் வழங்கும் இந்த விதி பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. ரேடார் இல்லாத காலத்தில் மாலுமிகள் இதை வைத்துத்தான் புயலிலிருந்து விலகினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்து நிமிஷத்தில் சொல்லித்தரலாம்.

அடுத்த வாரங்களில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத் தோப்புகளில் நடந்தபோது விழுந்த மரங்களின் தலைகள் எந்தத் திசையில் கிடக்கின்றன என்றுதான் என் கண் முதலில் போனது. சில தோப்புகளில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. சிலவற்றில் ஒரு வரிசை தெற்கு நோக்கியும் அடுத்த வரிசை வடக்கு நோக்கியும் கிடந்தது. மையம் மேலே கடந்த இடங்கள் அவை. முதலில் வடக்கிலிருந்து அடித்து, திடீரென்று ஓய்ந்து, பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்திருக்கிறது. அந்த ஓய்வில் மாட்டுக்கொட்டகையைப் பார்க்க வெளியே வந்தவர்கள் உண்டு. அப்படி வரவே கூடாது. ஓய்வு கால் மணி நேரமா ஒரு மணி நேரமா என்பது மையத்தின் அகலத்தையும் அது நகரும் வேகத்தையும் பொறுத்தது. அடுத்த பாதிக் காற்று நேர் எதிர்த் திசையிலிருந்து எந்த அறிகுறியும் இல்லாமல் வரும்.

"நாப்பது வருஷமா எத்தனையோ காத்தப் பாத்த மரம் தம்பி, இதுக்கு ஏன் விழுந்துச்சு?" என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது மரத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கி.மீ. காற்றைச் சமாளித்த மரம் 120 கி.மீ. காற்றில் இரண்டு பங்கு சுமையைத் தாங்கினால் போதாது, நான்கு பங்கு தாங்க வேண்டும். கஜா கரையேறியபோது காற்று 130 கி.மீ., இடையிடையே 145 வரை. அவருக்கு இதைத் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே வேரோடு பெயர்ந்த மரத்தின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார். தென்னை மறுபடி காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும், அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

எங்கள் நிலையத்தில் காற்றுமானியின் ஒரு கிண்ணம் பறந்துபோயிருந்தது. மழைமானி நின்றது. ஆனால் அந்த மாதிரிக் காற்றில் மழை படுக்கையாகப் பறக்கும், மானியின் வாய்க்குள் முழுசாக விழாது. மானி காட்டியதைவிட வயலில் விழுந்தது அதிகம் என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். எண்ணைத் திருத்தவில்லை. அப்சர்வர் எண்ணைத் திருத்தக் கூடாது, குறிப்புத்தான் எழுதலாம்.

புயல் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள். மிச்ச நாளெல்லாம் என் வேலை பயிருக்கு வரும் நோயோடுதான். மரப்பெட்டியின் நான்கு வெப்பமானிகளில் ஒன்றின் குமிழில் ஈரமான மஸ்லின் துணி சுற்றியிருக்கும். உலர்ந்த மானிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் காற்றின் ஈரத்தைச் சொல்லும். கார்த்திகை, மார்கழியில் பல காலைகளில் வித்தியாசமே இருக்காது. இரவு வெப்பம் 20 டிகிரிப் பக்கம் இறங்கி, ஈரம் 90 சதவீதத்துக்கு மேல் நின்று, இலையில் பனி வெகுநேரம் தங்கினால் குலைநோய் வரும். பி.பி.டி. 5204 நெல் ரகம் போட்டவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். வெயில் பதியும் கருவியில் கண்ணாடிக் கோளம் சூரிய ஒளியைக் குவித்து, பின்னாலிருக்கும் அட்டையில் ஊதுபத்தியால் இழுத்ததுபோல ஒரு கோட்டைக் கருக்கும். கோட்டின் நீளம்தான் வெயில் நேரம். அடைமழை வாரத்தில் காலையில் வைத்த அட்டையைச் சாயங்காலம் வைத்தபடியே எடுப்போம், ஒரு புள்ளிகூடக் கருகியிருக்காது. கதிரில் பால் பிடிக்கும் பருவத்தில் தொடர்ந்து ஐந்தாறு அட்டைகள் அப்படி வந்தால் மகசூல் குறையும், பதர் கூடும். களத்தில் தூற்றும்போது அதன் காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அட்டையில் இருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கை இந்த மாதிரிப் பதிவுகளையும் ஐந்து நாள் முன்னறிவிப்பையும் சேர்த்து எழுதப்படுவது. மழைக்கு முன் உரம் போடாதே, மருந்து அடிக்காதே என்று அது சொல்லும் இரண்டு வரியை மதித்தவர்கள் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

"கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை" என்ற சொலவடையை நம்பித்தான் டெல்டாவின் அறுவடைக் கணக்கே இருந்தது. 2021-இல் வடகிழக்குப் பருவமழை விலகியது ஜனவரி 19. பொங்கலுக்கு முன்னும் பின்னும் அறுப்புக்கு நின்ற சம்பாவின் மேல் மழை பெய்தது. நான் ஓய்வு பெற்றிருந்தேன். மார்கழிக் கடைசியில் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார்.

"நாலு நாள் பொறுக்கலாமா தம்பி, இப்பவே அறுத்துடலாமா?"

"கதிர் எந்த அளவுக்குப் பழுத்திருக்கு அண்ணே?"

"முக்காவாசிக்கு மேல மஞ்சளாயிருச்சு. அடி மணி மட்டும் பச்ச."

"அப்ப அறுத்துடுங்க. அறிக்கையில மழ விடுற மாதிரி தெரியல."

"வயல் சேறா கெடக்கு. டயர் மெஷின் எறங்காது. பெல்ட் மெஷினுக்கு ஊரே வரிசையில நிக்குது."

பாதி நிலத்துக்குத்தான் அவருக்கு மெஷின் கிடைத்தது. மீதி சாய்ந்து, தண்ணீரில் கிடந்து, கதிரிலேயே முளை விட்டது. அறுத்த பாதியும் ஈரம். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இலங்கையைக் கடந்து வந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுபடி அறுவடையைக் கெடுத்தபோதும் வரம்பைத் தளர்த்தும்படி மாநில அரசு மத்திய அரசைக் கேட்க வேண்டியிருந்தது. இந்த இரண்டு தடவையும் முன்னறிவிப்பில் குறை காண முடியாது. சொன்னதைக் கேட்டு அறுக்க மெஷினும், அறுத்ததை உலர்த்தக் களமும் இல்லை. வானிலைக்குச் செலவிடும் பணம் வயலில் பலன் தர வேண்டுமானால் கிராமத்துக்குக் கிராமம் உலர்களமும் உலர்த்தும் இயந்திரமும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதை ஒவ்வொரு விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்.

இன்னொரு குறையும் என் மனத்தில் உண்டு. ஒரு அலுவலகத்தில் மழைமானிக்கு ஒட்டினாற்போல வேப்பமரம் வளர்ந்து கிளை விரித்திருந்தது. வருஷக்கணக்காக அந்த மானி சுற்று ஊர்களைவிடக் குறைந்த மழையைக் காட்டியது, யாரும் ஏனென்று கேட்கவில்லை. வேறோர் இடத்தில் விடுமுறை நாட்களின் மழையைத் திங்கட்கிழமை மொத்தமாக எழுதுவார்கள். இப்போது தானியங்கி மானிகள் வந்திருக்கின்றன, நல்லதுதான். ஆனால் உள்ளே தட்டித் தட்டிக் கவிழும் சின்னக் கிண்ணம், கொட்டுகிற மழையில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். சிலந்தி கூடு கட்டினாலும் பறவை எச்சம் புனலை அடைத்தாலும் அது சும்மா இருந்துவிடும். வாரம் ஒரு முறையாவது ஒரு மனிதக் கை பட வேண்டும்.

டெல்டா மழை ஊருக்கு ஊர் மாறும். வடகிழக்குப் பருவத்தில் கடலோரத்தில் பின்னிரவில் திரளும் மேகம் ஒரு ஊரில் 8 செ.மீ. கொட்டிவிட்டு ஐந்து மைல் தள்ளி தூறலோடு முடிக்கும். பட்டாமணியார் காலத்திலிருந்து தாலுகாவுக்கு ஒன்றிரண்டு மானிகளை வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியவில்லை. பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வருபவரிடம் "எங்க ஊர்லதான் அதிகம் பேஞ்சுது" என்று வாயால் சொல்வதைவிட நோட்டைக் காட்டுவது நல்லது.

ஆகவே டெல்டா விவசாயிகளிடமும் பள்ளிக்கூட ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் ஒரு மழைமானி வையுங்கள். விலைக்கு வாங்க முடியாவிட்டால், வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா ஒன்று போதும். உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழை அளவு. மரமோ வீடோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளித் திறந்த வெளியில் வையுங்கள், தென்னைக்கு அடியில் வேண்டாம். தினமும் காலை 8.30-க்கு அளந்து, தேதி போட்டு, பயிரின் வயதையும் பக்கத்தில் எழுதுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0.0 என்று எழுத வேண்டும். ஊருக்குப் போய்விட்டதால் அளக்காத நாளுக்கு எதையும் எழுதாமல் காலியாக விட்டுவிடுங்கள்.